மூடி வைத்துவிட்டு வளவை ஒரு சுற்று

தம்பிக்கு, காரைக்குடியிலிருந்து ஆத்தா எழுதுவது.

நீ சுகமா என்று நான் கேட்கப் போவதில்லை. சுகமாக இருக்கிறவன் நாக்குத்தான் பழைய ருசியைத் தேடும். உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. புதுக் குடித்தனத்தைப் பற்றி நாலு வரி, மில் ஆபீசைப் பற்றி இரண்டு வரி, என் மூட்டுவலியைப் பற்றி அரை வரி எழுதியிருந்தாய். கடைசியில், இன்லண்டு மடிக்கிற ஓரத்தில், எறும்பு எழுத்தில் ஒன்று: "சின்னாத்தா போடும் டீயின் பக்குவத்தை அவர்களிடம் கேட்டு எழுது. இங்கே நாங்கள் போடுவது கஷாயமாக வருகிறது. நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம்." அதை மூன்று தடவை படித்தேன். இருபத்தாறு வருஷம் உனக்கு ஆக்கிப் போட்டவள் நான். என் வெள்ளைப் பணியாரத்துக்குப் பக்குவம் கேட்டாயா? கந்தரப்பத்துக்குக் கேட்டாயா? கோயம்புத்தூர் போய் இரண்டு மாதத்தில் உனக்கு நினைவு வந்தது அடுத்த அடுப்பின் டீ. எனக்கு வயிறு எரிந்தது. இதை எழுதும்போதும் எரிகிறது, மறைக்கவில்லை.

அவளிடம் கேட்கத் தேவையே இல்லை என்றுதான் முதலில் நினைத்தேன். அவள் டீ போடுவதை ஏழு வருஷம் இந்தப் பக்கத்திலிருந்து கண் கொட்டாமல் பார்த்தவள் நான். பக்குவம் எனக்கு மனப்பாடம். எழுதுகிறேன், உன் மனைவியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி.

தண்ணீர் அன்றைக்குப் பிடித்ததாக இருக்க வேண்டும். உங்கள் ஊரில் சிறுவாணித் தண்ணீர், கொடுத்து வைத்தவர்கள். அதை ஒரே ஒரு தடவை கொதிக்க விடு. தளதளவென்று கொதி வந்ததும் இறக்கிவிடு. ஆறிய தண்ணீரை மறுபடி காய்ச்சினால் டீ சப்பென்று போகும். இலையை அடுப்பில் போட்டுக் கொதிக்க விடவே கூடாது, உங்கள் கஷாயத்துக்கு அதுதான் காரணம். பீங்கான் பாத்திரத்தில் கொஞ்சம் வெந்நீர் விட்டு அலசிக் கொட்டு, பாத்திரம் சூடேற வேண்டும். ஆளுக்கு ஒரு சின்னக் கரண்டி இலை. அதன் மேல் வெந்நீரை ஊற்றி மூடி வை. பொறுத்திருந்து வடிகட்டு. வடிகட்டியில் தங்கிய இலையைக் கரண்டியால் அமுக்கிப் பிழியாதே, பிழிந்தால் கசப்புத்தான் இறங்கும். பால் தனியாகக் காய்ந்து, ஆடை எடுத்ததாக இருக்கட்டும். சர்க்கரை உன் இஷ்டம், ரேஷன் கார்டின் இஷ்டம். இலை டின்னை மசாலாச் சாமான் பக்கத்தில் வைக்காதே. இதை மட்டும் ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

இவ்வளவோடு கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கலாம். ஆனால் 'நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம்' என்ற அந்த ஒரு வரி என்னை விடவில்லை. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்பார்கள். சின்னாத்தாவின் டீ வேண்டும், சின்னாத்தா வேண்டாம். அவளிடம் பத்து வருஷமாக நீ முகம் கொடுத்துப் பேசவில்லை. உன் கல்யாணத்தில்கூட அவள் காலில் கடனுக்கு விழுந்து எழுந்தாய், நான் பார்த்தேன். அந்த மீசையை உனக்கு முளைக்க வைத்தவள் நான்தான். அதைச் சொல்லத்தான் இத்தனை தாள்.

உன்னை இப்போதுதான் வேறு வைத்தோம். அரிசி, பருப்பு, மிளகாய், புளி, எண்ணெய் என்று ஒரு வருஷச் சாமானை அளந்து கொடுத்து, தனி அடுப்பு மூட்டி, இனி நீங்கள் தனிக் குடும்பம், தனிப் புள்ளி என்று சொல்லி அனுப்பினேன். டீத்தூள் மட்டும் கொடுக்கவில்லை. மறதி என்று நினைத்தாயோ என்னவோ, மறதி இல்லை. உன் சித்தப்பாவையும் சின்னாத்தா சிகப்பியையும் வேறு வைத்தபோது நீ மூன்றாம் வகுப்பு. ஒரே வீடு, ஒரே வாசல், நடுவில் வானம் பார்த்த வளவு. கிழக்குப் பக்கம் என் அடுப்பு, மேற்குப் பக்கம் அவள் அடுப்பு. நல்லது கெட்டதுக்கு எல்லாரும் ஒன்று, சோற்றுக்கு மட்டும் வேறு. வேறு வைத்தபின் அழைக்காமல் அடுத்த அடுப்பில் கை நனைப்பதில்லை. நனைத்தால் அந்த வீட்டுக்காரி ஒழுங்காக ஆக்கிப் போடவில்லை என்று அர்த்தம். இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரிந்துதான் நீ அங்கே ஓடினாய் என்பது என் வயிற்றெரிச்சல்.

நம் வீடு காப்பி வீடு. டீ என்றால் வண்டிப்பேட்டைப் பக்கம் கடையில் நின்று குடிக்கிற சரக்கு என்றுதான் நினைத்திருந்தோம். சிகப்பி குன்னூரில் வளர்ந்தவள், அவள் அப்பச்சிக்கு அங்கே கடை. அவள் அண்ணன் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை பச்சை வர்ணம் பூசிய தகர டின்னில் இலை அனுப்புவார். அவள் டீ போட்ட முதல் நாள் அந்த வாசனை வளவைத் தாண்டி வந்தது. உன் அப்பச்சி பேப்பரை மடித்து வைத்துவிட்டு மூக்கை நிமிர்த்தினார். கல்யாணமான நாளாக என் சமையலுக்கு அந்த மூக்கு அப்படி நிமிர்ந்ததில்லை.

அடுத்த வாரத்திலிருந்து நாலு மணியானால், "அங்குட்டுப் போயி ஒரு வாய் டீ குடிச்சுட்டு வாரேன்" என்பார்.

"ஏன், இங்குட்டு அடுப்பு எரியலையா?" என்று நான் கேட்டேன்.

"எரியுது, எரியுது. அடுப்பும் எரியுது, நீயும் எரியிற" என்று சிரித்துக்கொண்டே போனார். அவருக்கு அது வேடிக்கை.

பின்னாலேயே நீ. அவள் பெற்ற பிள்ளைகளுக்கே பால்தான் கொடுத்தாள், உனக்கு மட்டும் பாதி பாலும் பாதி டீயுமாக ஒரு குட்டி டம்ளர். நீ பள்ளிக்கூடப் பையை என் பக்கத்தில் எறிந்துவிட்டு அவள் பக்கம் ஓடுவாய். பையைத் தூக்கி மாட்டுவது நான், உன் கதையைக் கேட்பது அவள். கணக்கில் நீ வாங்கிய மதிப்பெண்கூட அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிய வந்தது. "ஆச்சி, தம்பி நூத்துக்கு நூறு வாங்கியிருக்கு, சொல்லலையா?" என்றாள். அன்றைக்கு நான் வைத்த குழம்பில் உப்பு இல்லை என்று நீயே குறை சொன்னாய்.

நானும் போட்டிக்கு இறங்கினேன். அதுவும் உனக்குத் தெரியாது. எனக்குச் சீராக வந்த பீங்கான் சாமான்களோடு மூக்கு வைத்த பாத்திரம் ஒன்று உண்டு. அது எதற்கென்று தெரியாமல் பதினைந்து வருஷம் அதில் தலைக்குத் தேய்க்கிற நல்லெண்ணெய் வைத்திருந்தேன். அவளிடம் அதே மாதிரி ஒன்றைப் பார்த்த பிறகுதான் அது டீ போடுகிற பாத்திரம் என்று விளங்கியது. சீயக்காய் போட்டு ஒன்பது தடவை கழுவினேன். கடைத்தெருவில் நல்ல இலையாகப் பார்த்து வாங்கினேன். நீங்கள் இரண்டு பேரும் வெளியே போன நேரமாகப் பார்த்துப் போட்டேன். நிறம் வந்தது, மணம் வரவில்லை. அவள் இலையிலேயே ஒரு பிடி கேட்டு வாங்கி, "தலைவலிக்குப் பத்துப் போட" என்று பொய் சொல்லி, அதிலும் போட்டுப் பார்த்தேன். அதே தண்ணீர், அதே இலை, அதே மாதிரிப் பாத்திரம். வாயில் வைத்தால் வெந்நீரும் கசப்பும்தான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், நான் பாத்திரம் சரியில்லை என்று அதை மறுபடி எண்ணெய்க்கே திருப்பிவிட்டேன்.

நீ எஸ்.எஸ்.எல்.சி. படித்த வருஷம் அது நடந்தது. உன் அப்பச்சியோடு கூட்டு வியாபாரம் பேசத் தேவகோட்டையிலிருந்து இரண்டு பேர் வருவதாக இருந்தது. முந்தின நாள் அவர் என்னிடம், "நாளைக்கு வர்றவுகளுக்குச் சிகப்பியை டீ போடச் சொல்லு. நீ பலகாரத்தைப் பாத்துக்க" என்றார். என் வீட்டு விருந்தாளிக்கு அடுத்த அடுப்பிலிருந்து டீ! ஊர் கேட்டால் என்ன சொல்லும்? நானும் சிரித்த முகமாகப் போய்ச் சொன்னேன். அவளுக்கு அன்று கடும் ஜலதோஷம், மூக்கால்தான் பேசினாள். "அதுக்கென்ன ஆச்சி, போட்டுட்டாப் போச்சு" என்றாள். இலைக்கு மூக்கு உண்டு, பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாடையை இழுத்துக்கொள்ளும் என்று அவள்தான் எனக்கு ஒருநாள் சொல்லியிருந்தாள். அவள் மூக்கு அடைத்திருக்கிறது என்பதும் அவள் இலைக்கு மூக்கு உண்டு என்பதும் ஒரே நேரத்தில் என் புத்தியில் உறைத்தன.

அவள் சாயங்காலம் கோவிலூருக்குச் சாமி கும்பிடப் போனாள். நான் வளவைக் கடந்து போய், அவள் அலமாரியில் இருந்த பச்சை டின்னைத் திறந்து, இலைக்கு நடுவில் ஒரு கட்டிப் பெருங்காயத்தைப் புதைத்து மூடினேன். விடிந்ததும் அவள் குளிக்கப் போன நேரத்தில் எடுத்துவிட்டேன். என் கை நடுங்கவில்லை, தம்பி. நடுங்கியது என்று எழுத ஆசைதான்.

வந்தவர்களில் ஒருவர் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைத் தூக்கிப் பார்த்தார். "என்ன ஆச்சி, டீன்னு சொல்லி ரசத்தைக் கொடுத்துட்டீகளே! சோத்தையும் கொண்டாங்க" என்றார். இரண்டு பேரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். உன் அப்பச்சி முகம் கறுத்துப் போனது. சிகப்பி தூண் ஓரத்தில் தட்டோடு நின்றாள். ஒரு டம்ளரை எடுத்துக் குடித்துப் பார்த்தாள். மூக்கு அடைத்திருந்தாலும் நாக்குக்குத் தெரிந்திருக்கும். உள்ளே போய், டின்னில் இருந்ததை எல்லாம் எலுமிச்சை மரத்தடியில் கொட்டினாள். "இனிமே எங்க அடுப்புல டீ இல்லை" என்று சித்தப்பாவிடம் சொல்லி அனுப்பினாள். நான் வந்தவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். நன்றாக இருக்கிறது என்று குடித்தார்கள். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் என் கல்யாணத்தில்கூட இருந்ததில்லை.

இதோடு நின்றிருந்தால்கூடப் பாதிப் பாவம். ராத்திரிச் சோறு போடும்போது நீ கேட்டாய், "ஏன் ஆத்தா, சின்னாத்தா டீ அப்படி ஆச்சு?" நான் உன் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்: "வேணும்னே செஞ்சிருக்கா. அப்பச்சியும் நீயும் தெனம் போயி நிக்கிறது அவளுக்குப் பாரமாப் போச்சு. நாலு பேரு முன்னால அப்பச்சியத் தலை குனிய வச்சுட்டா. இனிமே அங்குட்டுப் போகாத." நீ நம்பினாய். அப்பச்சியின் மேல் உனக்கு அவ்வளவு உயிர், அவரைச் சிரிப்பாய்ச் சிரிக்க வைத்தவளை நீ மன்னிக்கவில்லை. பையை என் பக்கத்தில் எறிந்துவிட்டு என் பக்கமே உட்கார்ந்தாய். டீயை நிறுத்திய பிறகும் நாலு மணிக்கு உன் குட்டி டம்ளரில் பால் ஊற்றி அவள் ஜன்னல் மாடத்தில் வைத்தாள். ஒரு மாதம் வைத்தாள். பிறகு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். நான் இங்கிருந்து எல்லாவற்றையும் பார்த்தேன். உன்னைக் கூப்பிட்டுச் சொல்ல நாக்கு எழவில்லை. நீ என் பக்கம் உட்கார்ந்திருந்தாய் அல்லவா, அதை விட மனமில்லை.

ஆனால் நீ உட்கார்ந்தாயே தவிர, கதை சொல்லவில்லை. 'ம்' கொட்டிவிட்டுப் புத்தகத்தைப் பிரிப்பாய். உன் அப்பச்சி என் காப்பியைப் பாதி குடித்துவிட்டு, மறந்த மாதிரி வைத்துவிட்டுப் போவார். பத்து வருஷமாக நான் தினமும் அந்தப் பாதி டம்ளரைக் கழுவுகிறேன்.

இந்தக் கடிதத்தை அனுப்புமுன் பக்குவம் சரிதானா என்று ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். பழையபடி வெந்நீரும் கசப்பும். தப்புப் பக்குவத்தை எழுதி அனுப்பினால் நீ கோயம்புத்தூரில் உட்கார்ந்து, 'ஆத்தாவுக்கு என்ன தெரியும்' என்பாய். அது பொறுக்காமல்தான் போனேன். புத்தி வந்து போகவில்லை. புதன்கிழமை மத்தியானம், வளவைக் கடந்து போய் அவள் அடுப்படியில் நின்றேன். அவள் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க ஆச்சி" என்றாள்.

"தம்பி கடுதாசி போட்டிருக்கான். நீ போடுற டீக்குப் பக்குவம் வேணுமாம்" என்றேன். நீ சொல்ல வேண்டாம் என்றதைச் சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்.

அவள் கை நின்றுவிட்டது. "தம்பி என்னையக் கேட்டுச்சா?"

"கேட்டிருக்கான். நான் போட்டுப் பாத்தேன், வரலை. எல்லாம் நீ செய்யிற மாதிரித்தான் செஞ்சேன்."

"இலையப் போட்டு மூடிட்டு என்ன செஞ்சீக?"

"என்ன செய்யிறது? பக்கத்துலயே இருந்து பாத்தேன். நிறம் எறங்குதா, மணம் வருதான்னு."

அவள் சிரித்துவிட்டாள். "திறந்து திறந்து பாத்திருப்பீக. பொறவு எப்புடி வரும்? சூடு போயிருச்சுன்னா இலை விரியாது. நான் மூடி வச்சுட்டு வளவை ஒரு சுத்துச் சுத்திட்டு வருவேன்ல, நீங்க பாத்ததில்லையா? அதான் அதுக்கு நேரம். பக்கத்துல இருந்தாக் கை சும்மா இருக்காது. மூடுனா விட்டுட்டுப் போயிரணும் ஆச்சி."

பார்த்திருக்கிறேன். தினமும் நாலு மணிக்கு அவள் ஆத்தங்குடிக் கல் தரையில் மெதுவாக நடந்து என் அடுப்படியைத் தாண்டிப் போவாள். என்னைப் பார்த்துக் கர்வப்பட்டு நடக்கிறாள் என்று ஏழு வருஷம் நினைத்தேன். அவள் டீ விரிவதற்காக நடந்திருக்கிறாள்.

அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. "அன்னிக்கு இலை கெட்டதுக்கு..." என்று தொடங்கினேன்.

"தெரியும் ஆச்சி" என்றாள். "டின்னைக் கொட்டும்போது அடியில குன்னிமுத்து அளவு பெருங்காயம் கிடந்துச்சு. எங்க அடுப்புல அன்னிக்குப் பெருங்காயமே இல்லை."

"பின்னே ஏன் யாருக்கும் சொல்லலை?"

"சொன்னாப் பெரியவுக உங்களைச் சும்மா விட்டிருப்பாகளா? அது மட்டுமில்லை, எனக்கும் கோவந்தான். டீயை நிப்பாட்டுனேன்ல? பெரியவுக உங்க காப்பியைக் குடிச்சுட்டு மூஞ்சியச் சுளிக்கிறப்பல்லாம் இங்க இருந்து பாத்துச் சந்தோசப்பட்டேன். பொய் சொல்லப்படாது." புளியிலிருந்து ஒரு கொட்டையை எடுத்துப் போட்டாள். "தம்பி வராமப் போயிருமுன்னுதான் நெனைக்கலை. அதுக்கிட்ட என்ன சொன்னீகன்னு எனக்குத் தெரியாது. கேக்கவும் பயம்."

சொன்னேன். உனக்குச் சொன்ன அதே வார்த்தைகளை அவளிடம் திருப்பிச் சொன்னேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாளா, வியர்வையைத் துடைத்தாளா, நான் பார்க்கவில்லை. பிறகு எழுந்து அடுப்பில் தண்ணீர் வைத்தாள். "எங்கிட்டச் சொன்னது போதும். அதைத் தம்பிக்கு நீங்களே எழுதுங்க" என்றாள்.

இலையைப் போட்டு மூடிவிட்டு, "வாங்க" என்று என்னையும் கூட்டிக்கொண்டு நடந்தாள். என் மூட்டுவலிக்கு அந்தச் சுற்று நீளமாக இருந்தது. உன் அப்பச்சி பட்டாசாலைக் கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர், வாசனைக்கு எழுந்து உட்கார்ந்தார். ஒரு டம்ளரைக் கையில் கொடுத்தோம். ஒரு சொட்டு வைக்காமல் குடித்துவிட்டு, காலி டம்ளரை நீட்டினார், என் பக்கம் அல்ல, அவள் பக்கம். எனக்கு மறுபடி எரிந்தது. பழகிய எரிச்சல், இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆகையால் பக்குவத்தில் விட்டுப்போனதைச் சேர்த்துக்கொள்: மூடி வைத்ததும் அந்த இடத்தை விட்டுப் போய்விடு. உங்கள் வீட்டில் வளவு இல்லை, ஓர் அறையும் ஓர் அடுப்படியும்தான். வாசலுக்கும் குழாயடிக்குமாக ஆறு தடவை நடந்தால் சரியாக இருக்கும். மருமகளையும் கூட்டிக்கொண்டு நட. அவளிடம் இன்னொன்றும் சொல். நாளைக்கு நீ எவள் கையால் எதைக் குடித்துவிட்டு மெச்சினாலும், அவள் எரியட்டும், சண்டை போடட்டும், டம்ளரை விட்டெறியட்டும். பிள்ளையின் காதில் மட்டும் ஒன்றும் போடக் கூடாது. டம்ளரை நெளிவு எடுக்க ஆள் இருக்கிறான்.

இந்தக் கடிதத்தோடு ஒரு பார்சலும் வரும். அந்தப் பச்சை டின்தான், இத்தனை வருஷமும் தேய்த்து வைத்திருந்தாள். குன்னூர் இலையை அவளே நிரப்பிக் கொடுத்தாள். மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டுத்தான் பார்சலைத் துணியில் தைக்கக் கொடுத்தேன். அவள் நான் மோந்து பார்ப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கடிதத்துக்குள் ஓர் இன்லண்டு வைத்திருக்கிறேன். உள்ளே ஒன்றும் எழுதவில்லை, வெளியே விலாசம் மட்டும் என் கையால் எழுதியிருக்கிறேன். பெயர் என்னுடையது அல்ல. உன் இஷ்டப்படி எழுது, நீளமாக எழுது, பள்ளிக்கூடத்தில் நடந்ததை அவளிடம் சொல்வாயே, அப்படி எழுது. என்னைத் திட்டி எழுத வேண்டியிருந்தால் அதையும் அவளுக்கே எழுது. தபால்காரர் வாசலில் நின்று, "சிகப்பி ஆச்சிக்குக் கடுதாசி!" என்று கூப்பிடுவார். உன் கையெழுத்துப் போட்ட கடிதத்துக்கு இந்த வீட்டில் முதல் தடவையாக வேறு ஒருத்தி எழுந்து போவாள். நான் கிழக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். எழுந்து போய் எட்டிப் பார்க்க மாட்டேன். வேண்டுமானால் வளவை ஒரு சுற்று நடந்துவிட்டு வருகிறேன்.